ஒரே பாறை, பல கிணறுகள்: நிலத்தடி நீரைக் கூட்டாகக் கையாளுவது என்றால் என்ன?

கொங்குப் பகுதியிலோ மதுரைப் பக்கத்திலோ ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் படித்தால், நிலத்தின் நான்கு எல்லைகளையும் சொல்லி முடித்த பிறகு இப்படி ஒரு வாசகம் வருவதைப் பார்க்கலாம்: மேற்படி நிலத்திலுள்ள கிணற்றில் நாலில் ஒரு பாகமும், அதில் தண்ணீர் இறைத்துப் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும், வாய்க்கால் தடமும் இதில் அடங்கும். நிலத்தை நான்கு சகோதரர்கள் வரப்புப் போட்டுப் பிரித்துக்கொள்ள முடியும். கிணற்றை அப்படிப் பிரிக்க முடியாது. ஆகவே கிணறு பொதுவிலேயே நின்றுவிடும்; பங்குக்கு ஏற்ப நாட்கள் மட்டும் பிரிக்கப்படும்.

இந்தக் கூட்டுக் கிணற்றுக்கு எழுதப்பட்டும் எழுதப்படாமலும் சில விதிகள் உண்டு. இரண்டு பங்கு உள்ளவருக்கு இரண்டு நாள், ஒரு பங்கு உள்ளவருக்கு ஒரு நாள் என்று முறை சுற்றிவரும். தூர் வாரும் செலவையும் ஆழப்படுத்தும் செலவையும் அதே விகிதத்தில் ஏற்க வேண்டும். ஒருவர் தம் முறையை விட்டுக்கொடுத்தால் அதை இன்னொரு நாள் திரும்பப் பெறலாம். சண்டை வராமல் இருந்ததில்லை. ஆழப்படுத்தும் செலவில் தம் பங்கைக் கொடுக்க இயலாதவர் மெல்ல மெல்லத் தம் முறையை இழப்பதும் பல ஊர்களில் நடந்திருக்கிறது. ஆனாலும் கமலை இறைத்த காலத்திலிருந்து மின்மோட்டார் காலம் வரை இந்த ஏற்பாடு தாக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. கிணற்றின் மேட்டில் நின்று எட்டிப் பார்த்தால் தண்ணீர் எத்தனை படி இறங்கியிருக்கிறது என்பது எல்லாப் பங்காளிகளின் கண்ணுக்கும் ஒன்றுபோலத் தெரியும். மிச்சம் எவ்வளவு என்பதில் யாருக்கும் ஐயம் இல்லாதபோது, யார் எவ்வளவு எடுப்பது என்ற பேச்சு சாத்தியமாகிறது.

ஆக, ஒரே கிணற்றுக்குள் ஒத்துப்போவது நமக்குப் பழக்கமான காரியம். கிணறுகளுக்கு இடையே ஒத்துப்போவதுதான் பழக்கமில்லாதது. தனியார் நிலங்களுக்கு அடியில் பரவிக் கிடக்கும் ஒரு பொது வளத்தை அந்த நிலங்களின் உடைமையாளர்களே கூடிக் கையாளுவது என்னும் கருத்தை இந்தக் கட்டுரை நிலத்தடி நீரைக் கொண்டு விளக்க முயல்கிறது.

முதலில் பாறையைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறைப் பகுதி. தக்காணத்தின் பெரும்பகுதியும் அவ்வாறே. மேலே கொஞ்சம் மண், அதன் கீழே பத்து இருபது மீட்டருக்குச் சிதைந்து உளுத்த பாறை, அதற்கும் கீழே ஆங்காங்கே வெடிப்புகள் ஓடும் கட்டிப் பாறை. தண்ணீர் தங்குவது இந்த உளுத்த அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான். நிலத்துக்கு அடியில் ஏரி போலவோ ஆறு போலவோ நீர் கிடக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், நீர் நிறைந்த உளுத்த பாறையில் ஒரு கன மீட்டரை எடுத்துக்கொண்டால், அதிலிருந்து வடிந்து வெளியே வரக்கூடிய நீர் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று விழுக்காடுதான். ஆற்று வண்டல் மண்ணில் இது பல மடங்கு அதிகம்.

இந்தச் சிறிய எண்ணுக்குள் பெரிய விளைவு இருக்கிறது. இரண்டு விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 70 மில்லிமீட்டர் மழைநீர் உள்ளே இறங்கினால் நீர்மட்டம் மூன்றரை மீட்டர் ஏறும். அதே அளவை இறைத்துவிட்டால் மூன்றரை மீட்டர் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு சடசடவென்று நிறைவதற்கும் மாசி முடிவதற்குள் தரை தெரிவதற்கும் இதுவே காரணம். நல்ல செய்தி என்னவென்றால், ஒரு சிற்றூர் அளவிலான ஓடைப் படுகையில் பெய்யும் மழையும் அங்கே எடுக்கப்படும் நீரும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே தம் விளைவைக் காட்டிவிடும். பத்து ஊர் தள்ளி யாரோ இறைப்பதால் நம் கிணறு வற்றுவது கடினப் பாறைப் பகுதியில் அரிது. பக்கத்துத் தோட்டத்தார் இறைப்பதால் வற்றுவதே வழக்கம். கூடிப் பேச வேண்டியவர்கள் கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள்தான்.

சட்டமோ வேறு விதமாகப் பார்க்கிறது. 1843 இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு வந்தது. அருகில் நிலக்கரிக் குழி தோண்டியதால் ஒரு பஞ்சாலைக்காரரின் கிணறு வற்றிப்போனது. நிலத்துக்கு அடியில் நீர் எந்த வழியில் ஓடுகிறது என்பது யாருக்கும் தெரியாத மறைபொருள்; அதற்கு ஆற்றுநீர் விதிகளைப் பொருத்த முடியாது; தம் நிலத்தில் தோண்டுபவர் அயலார் கிணறு வற்றியதற்குப் பொறுப்பல்லர் என்று தீர்ப்பானது. அந்த எண்ணமே 1882 ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றது. வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீரைத் தம் நிலத்தின் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது நில உடைமையாளரின் உரிமை என்று அது சொல்கிறது. அறியாமையின் மேல் கட்டப்பட்ட ஒரு விதி, அறிவு வளர்ந்த பின்னும் அப்படியே நிற்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 2003 இல் நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைக்கெனத் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, அது முழுமையாக நடைமுறைக்கு வராமலேயே 2013 இல் நீக்கப்பட்டது.

சட்டம் இப்படி இருக்க, களத்தில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்ப்போம். அடுத்தடுத்த தோட்டங்களில் இரண்டு விவசாயிகள். முதலாமவர் சிக்கனமாகக் கம்பு விதைக்கிறார். அவர் மிச்சம் பிடித்த நீர் அவருக்காகக் காத்திருப்பதில்லை, பக்கத்துத் தோட்டத்து மோட்டாரில் ஏறிக் கரும்புக்குப் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு அவரும் கரும்பு வைக்கிறார். நீர்மட்டம் இறங்குகிறது. இரண்டாமவர் கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளையிட்டுச் சைடு போர் போடுகிறார். முதலாமவர் 300 அடிக்கு ஆழ்துளைக் கிணறு இறக்குகிறார். அவர் 500 அடி என்றால் இவர் 800 அடி. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கங்களில் ஆயிரம் அடியைத் தாண்டியும் துளையிடுகிறார்கள். இருவரில் யாரும் முட்டாள் இல்லை, பேராசைக்காரரும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் முடிவும் சரியானது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கடன்.

இதற்கு இலவச மின்சாரமே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது ஒரு காரணம்தான். ஆனால் இறைப்பதற்கு ஆகும் எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் விவசாயிகள் தம் கைக்காசைக் கொடுக்கும் அமெரிக்கச் சமவெளிகளிலும் நிலத்தடி நீர் வற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறது. நீரை விட்டுவைப்பவருக்கு அது திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி எங்கே இல்லையோ, அங்கே இந்த ஓட்டப்பந்தயம் நடக்கும்.

அந்த உறுதியைத் தமக்குள் உண்டாக்கிக்கொள்வதே இங்கே கூட்டு மேலாண்மை என்பதன் பொருள். நிலத்தை ஒன்றாகச் சேர்ப்பதோ, உடைமையை விட்டுக்கொடுப்பதோ, கூட்டுப் பண்ணை நடத்துவதோ இதில் தேவையில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதைச் சேர்ந்து அளப்பது, எவ்வளவுக்கு மேல் எடுப்பதில்லை என்று சேர்ந்து முடிவெடுப்பது, முடிவை மீறினால் ஒருவருக்கொருவர் தெரியும்படி வைத்திருப்பது ஆகியவை இருந்தால் போதும். 2009 இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் தம் முனைவர் பட்ட ஆய்வை 1965 இல் முடித்தபோது எடுத்துக்கொண்ட பொருளும் நிலத்தடி நீர்தான். லாஸ் ஏஞ்சலஸ் கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அங்கே நீர் எடுத்தவர்கள் சங்கம் அமைத்து, பேரம் பேசி, நீதிமன்றத்தின் துணையுடன் தமக்குத் தாமே வரம்பு விதித்துக்கொண்ட கதையை அவர் ஆராய்ந்தார். பொது வளம் என்றால் அழிந்தே தீரும் என்ற கருத்தை அவர் பிற்காலத்தில் மறுத்ததற்கு அங்கே கண்டதும் ஓர் அடிப்படை.

அளப்பது என்றால் எப்படி? இதில்தான் சற்று நின்று கணக்குப் போட வேண்டும், ஏனெனில் மற்றவை எல்லாம் இதைச் சார்ந்தவை. ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். பரப்பு 1000 ஏக்கர், ஆண்டு மழை 700 மில்லிமீட்டர், மக்கள் 1500 பேர். பெய்த மழையில் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கும் என்று கொண்டால் 70 மில்லிமீட்டர். ஆயிரம் ஏக்கருக்கு அது ஏறத்தாழ 28 கோடி லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர் வீதம் குடிநீருக்கும் வீட்டுப் புழக்கத்துக்கும், அதனுடன் ஆடு மாடுகளுக்கும் சேர்த்து 6 கோடி லிட்டரை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். மீதி 22 கோடி.

இந்த 22 கோடியைக் கொண்டு என்ன விளைவிக்கலாம்? முழுக்கக் கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 50 லட்சம் லிட்டர் வேண்டும் என்றால், 44 ஏக்கரோடு கணக்கு முடிந்துவிடும். நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 20 லட்சம் என்றால் 110 ஏக்கர். கேழ்வரகு, கம்பு போன்றவற்றுக்கு 14 லட்சம் என்றால் 150 ஏக்கருக்கு மேல். நெல் வயலில் விட்ட நீரில் ஒரு பகுதி மீண்டும் நிலத்துக்குள் இறங்கும், கொஞ்சம் நீர் ஓடை வழியே வெளியேறிவிடும், மழையே பயிரின் தேவையில் பாதியைத் தீர்த்துவிடும் ஆண்டுகளும் உண்டு. ஆகவே இந்தக் கணக்கு துல்லியமானதல்ல. ஆனாலும் ஊர் மந்தையில் ஒரு பலகையில் இந்த மூன்று எண்களை எழுதிவைத்தால், அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் அந்தப் பருவத்தில் எதை விதைப்பது என்று இரண்டாவது முறை யோசிக்கத்தான் செய்வார்.

அன்றைய ஒன்றுபட்ட ஆந்திராவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 2003 அளவில் தொடங்கி, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன், அனந்தபூர், சித்தூர், கடப்பா, கர்நூல், மகபூப்நகர், நல்கொண்டா, பிரகாசம் ஆகிய ஏழு மாவட்டங்களில், விவசாயிகளே நடத்தும் நிலத்தடி நீர் மேலாண்மைத் திட்டம் ஒன்று பல நூறு ஊர்களில் நடந்தது. அதில் மழைமானியைப் படித்ததும், கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து ஏட்டில் எழுதியதும், அதிகாரிகள் அல்லர். அந்தந்த ஊரின் ஆண்களும் பெண்களும்தான். மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடி, உள்ளே இறங்கிய நீர் எவ்வளவு, ஒவ்வொருவரும் விதைக்க எண்ணியிருக்கும் பயிருக்கு ஆகும் நீர் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பார்கள். துண்டு விழுந்தால் விழுந்ததாக எழுதுவார்கள். ஆனால் யாரும் யாரையும் நெல் விதைக்காதே என்று தடுக்கவில்லை, அபராதம் போடவில்லை. தகவல் மட்டுமே ஆயுதம். நீர் குறைவான ஆண்டில் நெல்லை வைத்தால் கடைசித் தண்ணீருக்குத் தவிக்க நேரிடும் என்பது தெரிந்ததும், தம் நன்மைக்காகவே பலர் பயிரை மாற்றினார்கள். 2010 ஆம் ஆண்டு வாக்கில் உலக வங்கி இதை ஒரு முன்மாதிரியாகப் பாராட்டியது.

ஆனால் பாராட்டோடு நிறுத்தினால் அது பாதிக் கதை. திட்ட நிதி நின்ற பிறகு சென்று பார்த்த ஆய்வாளர்கள், முதலில் சொல்லப்பட்ட அளவுக்கு மாற்றம் நிலைக்கவில்லை என்று எழுதினார்கள். என் கருத்தில் இதில் வியப்பில்லை. கூட்டுக் கிணற்றில் கண்ணுக்குத் தெரிவதும் உண்டு, பத்திரத்தில் எழுதிய பங்கும் உண்டு. இங்கே முதலாவதை மட்டும் உண்டாக்கினார்கள், இரண்டாவது இல்லை.

வரம்பையும் சேர்த்து வகுத்த ஊர்களில் மகாராட்டிரத்தின் ஹிவரே பஜார் பெயர்பெற்றது. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழையே பெரிது என்னும் வறட்சிப் பகுதி. போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவராக வந்த 1990 ஆம் ஆண்டையொட்டி மலைச்சரிவில் வரப்பு அமைப்பது, மரம் வெட்டாமை, மேய்ச்சல் கட்டுப்பாடு என்று தொடங்கினார்கள். வேறு எத்தனையோ ஊர்களில் தடுப்பணை கட்டினார்கள். சேர்ந்த நீரை முதலில் போர் போட்டவர் உறிஞ்சிவிட்டார். ஹிவரே பஜாரில் பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்ற இரண்டு கட்டுப்பாடுகளும் உடன் வந்தன. மழை குறைந்த ஆண்டில் குடிநீருக்கும் தீவனத்துக்கும் போக மிச்சத்தைப் பார்த்துத்தான் குளிர்காலப் பயிரின் பரப்பு முடிவாகும். பவாருக்கு 2020 இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒருவரின் தலைமை பல்லாண்டுகள் நிலைத்திருந்த ஊர் அது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எல்லா ஊருக்கும் அது வாய்க்காது.

அதைவிடச் சாதாரண மனிதர்களின் சாதாரணக் கணக்கை நம்பிய வேறொரு முயற்சி அனந்தபூர்ப் பக்கம் நடந்தது. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களும் இல்லாத அண்டை நிலத்தாரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கிணறுகளையெல்லாம் நிலத்துக்கு அடியில் குழாய் பதித்து இணைப்பது, பத்தாண்டுகளுக்கு யாரும் புதிய போர் போடுவதில்லை, நெல்லைக் குறைப்பது, மானாவாரியாக விதைத்தவரின் நிலக்கடலை வாடும் தறுவாயில் உயிர்த்தண்ணீர் கொடுப்பது என்பவை அதன் உள்ளடக்கம். கிணற்றுக்காரர் எதற்காகத் தம் நீரைப் பங்கிட வேண்டும் என்று கேட்கலாம். அவருக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் புதிய போர் வராது என்பதால் அவர் கிணறு பிழைக்கும். நாளை அவர் கிணறே வற்றினாலும் குழாயில் பிறர் கிணற்றுநீர் வரும். தோற்றுப்போகும் ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் வாங்கி அழிந்தவர்களைப் பார்த்த ஊரில் இது சிறிய காப்பீடு அல்ல. நல்ல மனத்தை நம்பி எழுதப்பட்ட ஒப்பந்தங்களைக் காட்டிலும் இத்தகைய ஒப்பந்தம் நெடுநாள் நிற்கும் என்பது என் எண்ணம்.

கடினப் பாறைக்கு வெளியேயும் ஓர் எடுத்துக்காட்டைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில், ஒகல்லாலா என்னும் பரந்த நீரடுக்கின் மேல், செரிடன் மாவட்டப் பகுதி விவசாயிகள் 255 சதுர கிலோமீட்டர் அளவிலான ஒரு வட்டாரத்தைக் குறித்துக்கொண்டு, தம் பயன்பாட்டை ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதென முடிவு செய்தார்கள். 2012 இல் மாநிலம் இயற்றிய ஒரு சட்டம், இத்தகைய உள்ளூர் முடிவுக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. 2013 முதல் 2017 வரை ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்து ஏக்கருக்கு 55 அங்குல உயரம் நிற்கும் அளவு நீர், எந்த ஆண்டில் எவ்வளவு என்பது அவரவர் விருப்பம். மழை பெய்த ஆண்டில் மிச்சம் பிடித்தால் காய்ந்த ஆண்டில் அது அவருக்கே திரும்பக் கிடைக்கும். நம் இரண்டு தோட்டக்காரர்களுக்கு இல்லாத அந்த உறுதி இங்கே எழுத்தில் இருக்கிறது. எல்லாக் கிணறுகளிலும் மீட்டர் பொருத்தப்பட்டிருந்தது. குறித்த அளவைக் காட்டிலும் கூடுதலாகவே அவர்கள் சேமித்தார்கள். மண்ணின் ஈரத்தை அளந்து பாய்ச்சியதும், சிலர் மக்காச்சோளத்திலிருந்து சோளத்துக்கு மாறியதும் காரணங்கள். வருவாய் பெரிதாக அடிபடவில்லை என்று கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு கண்டது. ஐந்தாண்டு முடிந்ததும் அவர்களே அதை நீட்டித்துக்கொண்டார்கள்.

இந்த முயற்சிகள் பெரும்பாலும் குலைவது உள்ளே இருப்பவர்களால் அல்ல. நிலத்தைப் புதிதாக வாங்கியவர், ஒப்பந்தம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்று போர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்; அல்லது ஒருவர் பயிரை விட்டுவிட்டு லாரித் தண்ணீர் விற்கத் தொடங்குவார். 1882 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இருவரும் தவறு செய்யவில்லை. ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அரசின் அங்கீகாரமும் வேண்டும் என்பது இங்கேதான் உறைக்கிறது. அங்கீகாரம் இல்லாத இடங்களில் ஊராட்சித் தீர்மானமும், அக்கம்பக்கத்தாரின் முகத்தில் நாளை விழிக்க வேண்டுமே என்ற கூச்சமுமே வேலி.

இன்னொரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமல் போகிறது. நில உடைமையாளர்கள் கூடி நீரைப் பங்கிட்டுக்கொண்டால், நிலமே இல்லாதவருக்கு என்ன? பெய்த மழையில் அவருக்குப் பங்கில்லையா? புனே மாவட்டத்தின் நாய்காவ் என்னும் ஊரில், 1972 ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்தைக் கண்ட பின் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பானி பஞ்சாயத்து என்னும் நீர்ப் பங்கீட்டு அமைப்பு இதற்கு ஒரு விடை வைத்தது. அவர்கள் வகுத்த முறையில் நீர் ஏக்கர் கணக்கில் அல்ல, தலைக் கணக்கில் பிரிக்கப்பட்டது: ஆளுக்கு அரை ஏக்கர் பாசனத்துக்கு ஆகும் நீர், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்கு. எவ்வளவு நிலம் வைத்திருந்தாலும் அதற்கு மேல் இல்லை, கரும்பு கிடையாது, செலவில் ஐந்தில் ஒரு பங்கை உறுப்பினர்கள் முன்கூட்டியே கட்ட வேண்டும். நிலமற்றவரும் உறுப்பினராகலாம், அவருக்கும் பங்குண்டு. அதைக்கொண்டு பிறர் நிலத்தில் அவர் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பயிர் செய்யலாம். நம் பழைய பத்திரங்களில் நிலத்தோடு ஒட்டிப் பிறந்ததுபோல எழுதப்படும் அந்த நாலில் ஒரு பாகம் அங்கே இல்லை. உறுப்பினர் ஒருவர் தம் நிலத்தை விற்றால், வாங்குபவருக்கு நிலம் மட்டுமே போகும். தண்ணீர்ப் பங்கு பானி பஞ்சாயத்திடமே திரும்பிவிடும்.